கட்டில் 28, ஆள் 43: சனத்தொகைதான் காரணமா?

கேள்வி – கொட்டகலை வாசகர், 6 மார்ச் 2025

அம்மாவை நேற்று வாட்டில் சேர்த்தோம். ஒரு கட்டிலில் இரண்டு பேர், தரையில் பாய் போட்டு இன்னும் பத்துப் பேர். இரண்டே இரண்டு தாதிமார் ஓடித் திரிகிறார்கள். கூப்பிட்டால் "ஹரி ஹரி" (சரி சரி) என்கிறார்கள், வருவதில்லை. எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். பிள்ளைகளைப் பெற்றுத் தள்ளினால் இப்படித்தான் ஆகும். சனம் கூடக் கூட ஆஸ்பத்திரி எப்படித் தாங்கும்? இங்கே தாதி வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், நான் சொல்வது பிழையா?

6 மார்ச் 2025, இரவு 10.15

பாதி பிழை, பாதி சரி. பிழையான பாதியை முதலில் சொல்கிறேன்.

நான் 35 வருடம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் தாதியாக இருந்து 2019இல் ஓய்வெடுத்தவள். பெரும்பாலும் மெடிக்கல் வாட்டு. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். கண்டிப் பக்கமும் நுவரெலியாப் பக்கமும் என்று வைத்துக்கொள்ளுங்கள். "பெற்றுத் தள்ளுதுகள்" என்ற பேச்சை 1985இலேயே வாட்டு வாசலில் கேட்டிருக்கிறேன். அப்போதாவது கொஞ்சம் நியாயம் இருந்தது. இப்போது? 2012இல் இந்த நாட்டில் மூன்றரை லட்சத்துக்கு மேல் பிள்ளைகள் பிறந்தன. 2023இல் இரண்டரை லட்சம்கூட இல்லை. பதினொரு வருடத்தில் வருடாந்தப் பிறப்பு ஒரு லட்சம் குறைந்திருக்கிறது. நம்பாவிட்டால் முதலாம் வகுப்பு டீச்சரைக் கேட்டுப் பாருங்கள்.

அப்படியென்றால் வாட்டில் கிடப்பது யார்? அம்மாவின் கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு பார்வை பாருங்கள் தம்பி. அறுபதுக்குக் கீழே எத்தனை பேர்?

அம்மாவுக்கு என்ன வருத்தம் என்று எழுதவே இல்லையே.

7 மார்ச், காலை 6.05

பாரிசவாதம், வலது பக்கம் என்று பதில் போட்டிருக்கிறார். மற்றக் கதையெல்லாம் பிறகு. முதலில் இதைச் செய்யுங்கள்.

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். குதிகால், இடுப்பு எலும்பு, முதுகின் அடி, இந்த மூன்று இடத்தையும் பார்க்க வேண்டும். தோல் சிவந்து, விரலால் அழுத்தி எடுத்த பிறகும் வெளுக்காமல் அப்படியே சிவப்பாக இருந்தால் படுக்கைப் புண் தொடங்குகிறது, உடனே சொல்லுங்கள். விழுங்க முடிகிறதா என்று அவர்கள் பார்த்துச் சொல்லும்வரை வாயில் தேத்தண்ணி ஊற்றவே கூடாது. பாசத்தில் ஊற்றுவதுதான் நெஞ்சுக்குள் போய் நியுமோனியா ஆகும். எத்தனை பேரை இப்படிப் பார்த்துவிட்டேன்.

தாதி வந்து புரட்டுவார் என்று காத்திருக்காதீர்கள். அவருக்கு மனம் இல்லாமல் இல்லை. கணக்கு இடம் கொடுக்காது. பின்னேரம் எழுதுகிறேன்.

7 மார்ச், மாலை 5.30

கணக்கு இதுதான். நான் கடைசியாக நின்ற வாட்டில் கட்டில் 28. ஒரு சாதாரண நாளில் ஆள் 43. எங்கள் டியூட்டி காலை 7இலிருந்து 1, 1இலிருந்து 7, இரவு 7இலிருந்து விடிய 7. இரவுக்கு இரண்டு பேர். ஆளுக்கு 21 அல்லது 22 நோயாளி.

காய்ச்சல், நாடி, மூச்சு, பிரஷர் பார்த்துத் துண்டில் (நோயாளியின் குறிப்புத் தாளில்) எழுத ஒருவருக்கு 4 நிமிடம். கை பழகியவளுக்குத்தான் 4. 22 பேருக்கு ஒன்றரை மணித்தியாலம். மருந்துச் சுற்றுக்கு இன்னொரு ஒன்றரை. புரட்டிப் போட வேண்டியவர்கள் ஆறு பேர் என்று வையுங்கள், ஒருவரைப் புரட்ட இரண்டு தாதியும் சேர வேண்டும், சட்டை நனைந்திருந்தால் மாற்றவும் வேண்டும், 5 நிமிடம். ஒரு சுற்று அரை மணித்தியாலம். விடியும்வரை ஆறு சுற்று, மூன்று மணித்தியாலம். அந்த மூன்று மணித்தியாலமும் மற்ற 37 பேருக்கும் ஆள் இல்லை. சலைன் முடிந்து குழாயில் இரத்தம் ஏறும். பதினொன்றரைக்கு மூச்சுத் திணறலோடு ஒருவரைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். அத்தோடு கணக்குப் புத்தகத்தை மூடிவிடலாம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தாதி எத்தனை பேர் வேண்டும் என்று நாங்கள் கேட்கும்போதெல்லாம் மேலே பார்த்தது கட்டில் எத்தனை என்றுதான். பாயை யாரும் எண்ணியதில்லை. பாயில் படுத்திருப்பவருக்கும் அதே மருந்து, அதே ஊசி, அதே துண்டு. ஆளணிக் கடதாசியில் மட்டும் அவர் இல்லை. எங்கள் அட்டெண்டன் ஒருவர் தரையில் கிடப்பவர்களை "வெளிநாட்டுக்காரர்" என்பார், விசா இல்லாதவர்கள் என்று அர்த்தம். சிரித்துவிட்டு, குனிந்து குனிந்து ஊசி போடுவோம். முதுகு அங்கேதான் போனது.

9 மார்ச்

ஒருவர் எழுதுகிறார்: "நாட்டில் குறையலாம், தோட்டத்தில் கூடிக்கொண்டுதான் போகிறது."

ஐயா, தேயிலைத் தோட்டச் சனத்தைப் போலக் குறைந்த சனம் இந்த நாட்டில் வேறு உண்டா? 1971 கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர் என்று பதிந்தவர்கள் 11 லட்சத்து 70 ஆயிரத்துக்கு மேல். 1981இல் 8 லட்சத்து 18 ஆயிரம். பத்து வருடத்தில் மூன்றரை லட்சம் பேர் எங்கே போனார்கள்? 1964இல் இங்கத்தைய பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்து வைத்து, பிரஜாவுரிமை இல்லாதிருந்தவர்களில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு, 3 லட்சம் பேரை இங்கே என்று பங்கு போட்டார்கள். மிச்சமிருந்த ஒன்றரை லட்சத்தை 1974இல் பாதி பாதியாக்கினார்கள். என் பெரியப்பா குடும்பம் போனது. ஒப்பாரிக் கோச்சி (ஏறியவர்களும் வழியனுப்பியவர்களும் அழுத ரயில்) என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், நான் ஸ்டேஷனில் நின்று பார்த்தவள். எனக்கு அப்போது பதினொரு வயது.

அதே 1974தான் பஞ்சமும். மாவும் இல்லை, அரிசியும் இல்லை. தோட்டங்களில் சாவு கூடிய வருடம் அது, புள்ளிவிவரத்திலேயே தெரியும். எங்கள் லயத்தில், அந்த ஒரு வரிசை வீடுகளில் மட்டும், இரண்டு சின்னப் பிள்ளைகள்.

என் அப்பாவுக்குப் பிரஜாவுரிமைக் கடதாசி கிடைத்ததால்தான் நான் அரசாங்க வேலைக்கு மனுப்போட முடிந்தது. அடுத்த காம்பராப் பிள்ளைக்கு என்னைவிட நல்ல மார்க். கடதாசி இல்லை. அவள் கொழுந்துக்குப் போனாள்.

சரி, ஆஸ்பத்திரிக் கதையிலிருந்து விலகிவிட்டேன்.

12 மார்ச்

விலகியதற்குத் திட்டு வாங்கினேன். ஆனால் தோட்டத்துக்கு என்றே ஒரு நெருக்கடி உண்டு, அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. குளவி.

கொழுந்து மலையில் ஒரு கூட்டைக் கலைத்தால் பன்னிரண்டு பேர், பதினைந்து பேர் ஒரே லொறியில் வந்து இறங்குவார்கள். கொழுந்து ஏற்றும் அதே லொறிதான், சாக்கு வாசனை போகாது. தலைத்துணிக்குள்ளே, காதுக்குப் பின்னே, புருவத்தில் எல்லாம் கொடுக்கு ஏறியிருக்கும். யாருக்கு மூச்சு இழுக்கிறது, யாருக்கு நாக்குத் தடிக்கிறது, யாருக்குப் பிரஷர் விழுகிறது என்று முதல் ஐந்து நிமிடத்தில் பிரித்துவிட வேண்டும். அட்ரினலின் யாருக்கு, பிரிட்டோன் என்கிற ஒவ்வாமை ஊசி மட்டும் போதுமானது யாருக்கு என்று. சத்தம் போட்டு அழுபவர்களைவிட மூலையில் சத்தமில்லாமல் குந்தியிருப்பவரைத்தான் முதலில் பார் என்று எங்களுக்குச் சொல்லித் தந்த ஒரு சிங்கள மேட்ரன் அம்மா இருந்தார். பொன்னான புத்தி.

அந்த ஒரு மணித்தியாலம் மிச்ச வாட்டுக்குத் தாதி கிடையாது. வருடம் முழுக்க 28 கட்டிலுக்கு 28 பேர் வந்தால் இருப்பவர்களே போதும். குளவி கூட்டத்தோடுதானே வரும்.

2 ஏப்ரல்

கொட்டகலைத் தம்பி எழுதியிருக்கிறார், அம்மாவுக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டுவிட்டார்களாம். லயத்துக்குப் போக ரோட்டிலிருந்து 140 படி, கம்பளியில் கட்டித் தூக்கிப் போனார்களாம். படுக்கைப் புண் வரவில்லை. அதுவே பெரிய விஷயம்.

அவர் இன்னொன்றும் கேட்கிறார். "சனம் கூடினால் கவனிப்பில் முதலில் குறைவது எது?"

பேச்சு. மருந்து தவறாது, ஊசி தவறாது, துண்டில் எழுதுவதும் தவறாது. கட்டிலருகில் நின்று "என்ன செய்யுது?" என்று கேட்டு, பதில் வரும்வரை நிற்கிற அந்த அரை நிமிடம்தான் முதலில் போகும். நம் பக்கத்தில் அதோடு பாஷையும் சேர்ந்து போகும். ஒரு சம்பவம் சொல்கிறேன்.

எங்கள் வாட்டில் ஒரு கிழவி, சீனி வருத்தம், தோட்டத்தில் கொழுந்து எடுத்து ஓய்ந்தவர். பகல் சாப்பாட்டோடு இன்சுலின். புதிதாக வந்த சிங்களப் பிள்ளை ஒருத்தி, நல்ல பிள்ளை, கேட்டாள்: "ஆச்சி, கேம கேவாத?" சாப்பிட்டாயா என்று. கிழவி, "ஓவ் மிஸ்ஸி" என்றார், ஆமாம் என்று. தோட்டத்துப் பெரியவர்கள் வெள்ளைச் சட்டையைக் கண்டால் எதற்கும் "ஓவ்"தான். வலிக்குதா, ஓவ். வலி போயிருச்சா, ஓவ். ஊசி ஏறியது. சோற்றுக் கோப்பை மூடியபடியே கட்டிலுக்கடியில் இருந்தது. ஒன்றரை மணிக்கு நான் அந்தப் பக்கம் போனபோது ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கிடந்தது, அவ்வளவு வேர்வை. நுவரெலியாக் குளிரில் வேர்க்கிறதென்றால் விளங்கிவிடும்தானே. கூப்பிட்டால் முழி மட்டும் உருளுது. குளுக்கோஸ் ஏற்றி, பத்து நிமிடத்தில் எழும்பி உட்கார்ந்து, "பசிக்குது மவளே" என்றார்.

பாஷை தெரியாத பிள்ளைகளை அனுப்பினால் இதுதான் நடக்கும்.

9 ஏப்ரல்

புதிய கணக்கெடுப்பின் முதல் எண்ணிக்கை இந்தக் கிழமை வந்துவிட்டது. நாட்டின் சனத்தொகை 2 கோடியே 17 லட்சத்துச் சொச்சம். 2012இல் 2 கோடியே 3 லட்சம். வருடத்துக்கு அரை வீதம்தான் வளர்ச்சி. தம்பி, உங்கள் "பெற்றுத் தள்ளுகிறார்கள்" கட்சிக்குக் கட்டுப்பணமும் போச்சு.

ஆனால் முதல் நாள் "பாதி சரி" என்று எழுதிவிட்டு அந்தப் பாதியைச் சொல்லாமலே விட்டேன். அதை இப்போது தீர்த்துவிடுகிறேன்.

2012 கணக்கில் நுவரெலியா மாவட்டத்தில் 7 லட்சத்து 11 ஆயிரம் பேர். பிரதேச செயலகம் ஐந்தே ஐந்து. ஒன்றுக்கு ஒரு லட்சத்து 42 ஆயிரம் வருகிறது. நாடு முழுவதையும் எடுத்தால் ஒரு செயலகத்துக்கு 60 ஆயிரத்துக்குச் சற்று மேல்தான். அம்பகமுவவும் நுவரெலியாவும் தனித்தனியே இரண்டு லட்சத்தைத் தாண்டியவை. ஆஸ்பத்திரியும் செயலகமும் ஒன்றல்ல, தெரியும். ஆனால் வீடு வீடாகப் போகும் மருத்துவமாது, சுகாதாரப் பரிசோதகர், சுகாதார வைத்திய அதிகாரி எல்லாம் இப்படிப் பிரித்த பிரதேசங்களின் வழியாகத்தான் சனத்துக்கு வருகிறார்கள். பிரிவு பெரிதானால் ஒரு மருத்துவமாதுவுக்கு மலை கூடும், வீடு கூடும், அவர் வராத வீட்டுப் பிரஷர் ஒருநாள் பாரிசவாதமாக எங்கள் வாட்டுக்கு வரும். 2019இல் புதிய செயலகங்களுக்கு வர்த்தமானி வந்தது. அதற்குக் கேட்கத் தொடங்கி எத்தனை தேர்தல் போனது என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

ஆக, சனம் கூடியது உண்மைதான். ஆனால் அது பழைய கடன். இந்த நூற்றாண்டில் கூடியது கொஞ்சம். அதற்கு முன்னே கூடியதற்கே இங்கே இன்னும் இடம் ஒதுக்கவில்லை.

10 ஏப்ரல்

"எந்த முன்னே?" என்று ஒருவர். 1946, 47. டிடிடி மருந்தடித்து மலேரியாவை அடக்கிய வருடங்கள். ஆயிரம் பேருக்கு 20க்கு மேலிருந்த இறப்பு வீதம் ஒரே வருடத்தில் 14 ஆனது. அடுத்து இலவச வைத்தியம், ஊர் ஊராக மருத்துவமாது. 1946இல் 66 லட்சமாக இருந்த நாடு 1981இல் 1 கோடியே 48 லட்சம். பிழைக்க வைத்தவர்களுக்கு வயதாகும்போது என்ன செய்வது என்று யாராவது அப்போதே யோசித்திருக்கலாம். உயரமான மலைகளில் மலேரியா முன்னமே குறைவு, குளிருக்கு நுளம்பு அண்டாது, அதனால் எங்கள் கதை கொஞ்சம் வேறு. எங்களுக்குச் சாவு மந்தத்திலும் மார்ச்சளியிலும் வயிற்றோட்டத்திலும் வந்தது.

22 மே

கால் வலி. பழைய புகைப்படம் ஒன்று கையில் கிடைத்தது, அதனால் எழுதுகிறேன். 2017 டெங்குக் காலம். அந்த வருடம் நாட்டில் 1 லட்சத்து 86 ஆயிரம் பேருக்கு டெங்கு. மேலே நுவரெலியாவுக்கு டெங்கு அவ்வளவாக ஏறாது. நான் அப்போது கீழே இருந்தேன்.

உண்மையிலேயே ஆள் கூடினால் எப்படி இருக்கும் என்பதை அந்த மூன்று மாதத்தில்தான் பார்த்தேன். ஒரு கட்டிலில் மூன்று பேர், கால்மாடு தலைமாடாக. டெங்குக்குத் தனி மருந்து கிடையாது, கவனிப்புத்தான் மருந்து. இரத்தக் குழாயிலிருந்து திரவம் கசியத் தொடங்குகிற அந்த 48 மணித்தியாலம், மணிக்கு மணி நாடியும் பிரஷரும் பார்க்க வேண்டும், குடித்தது எவ்வளவு, சிறுநீர் போனது எவ்வளவு என்று மில்லிலீட்டரில் எழுத வேண்டும். ஒரு மணித்தியாலம் தவறினால் ஆள் தவறலாம். போத்தலில் அளவுக்கோடு கீற நேரமில்லாமல் பிளாஸ்டர் ஒட்டிப் பேனையால் கோடு போட்டோம். நோயாளிகளே தங்கள் கணக்கை எழுதினார்கள். ஒரு பள்ளிக்கூடப் பையன் தன் கட்டிலில் இருந்த மற்ற இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதித் தந்தான், அழகான கையெழுத்து. துண்டு வெட்டும் நாளில், "மிஸ்ஸி, எனக்குச் சம்பளம் இல்லையா?" என்று கேட்டான்.

அப்போது எங்களுக்கு ஆள் தந்தார்கள். மேசை தந்தார்கள், கட்டில் தந்தார்கள், லீவைக் குறைத்தார்கள், நாங்களும் செய்தோம். தொற்று வந்தால் எல்லாருக்கும் கண் தெரியும். வயதானவர்கள் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடினால் யாருக்கும் தெரியாது.

8 ஜூன்

இந்த இழையில் இரண்டு பேர் ஒரே கேள்வி: தமிழ்த் தாதிமார் ஏன் இல்லை?

இல்லாமல் இல்லை, போதாது. 3 வருடப் பயிற்சி. அதற்குள் நுழைய வழக்கமாக விஞ்ஞானப் பிரிவில் உயர்தரம் வேண்டும். எங்கள் பக்கத்தில் உயர்தரத்துக்கு உயிரியலும் இரசாயனவியலும் தமிழில் படிப்பிக்கிற பள்ளிக்கூடங்களை விரல் விட்டு எண்ணலாம். தோட்டத்துப் பிள்ளை அங்கே போக விடுதி வேண்டும், பஸ் வேண்டும், டியூஷன் வேண்டும். ஆக, வாட்டில் தமிழ்த் தாதி இல்லாததற்குக் காரணம் தேடி ஆஸ்பத்திரிக்குள் சுற்றினால் கிடைக்காது. பத்தாம் வகுப்பில் விஞ்ஞான டீச்சர் மாற்றலாகிப் போனாரே, அங்கே போய்த் தேட வேண்டும்.

2017 மே 12ஆம் திகதி மோடி வந்து டிக்கோயாவில் 150 கட்டில் ஆஸ்பத்திரியைத் திறந்தார். நானும் சனத்தோடு சனமாகப் போயிருந்தேன், ஒன்றும் தெரியவில்லை, குடைதான் தெரிந்தது. கட்டடம் நல்லது, சந்தோஷம்தான். கட்டடத்தைக் காசு இருந்தால் வெளிநாட்டிலிருந்து வாங்கலாம். இராத்திரி இரண்டு மணிக்கு "எங்கே உளையுது, காலா, இடுப்பா?" என்று கேட்கிற பிள்ளையை இங்கேதான் உண்டாக்க வேண்டும்.

உண்டாக்கினவர்களும் நிற்பதில்லை. 2022க்குப் பிறகு என்னோடு வேலை செய்த பிள்ளைகளில் நான்கு பேர் வெளிநாட்டில். ஒருத்தி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினாள், அவளுக்கு ஒரு டியூட்டிக்கு ஆறு நோயாளி. ஆறு! கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு மணித்தியாலம் வருகிறதே, அவ்வளவு நேரம் என்னதான் பேசுவாய் என்று கேட்டேன்.

9 ஜூன்

"பேசுவேன் அக்கா, ஆனா அவங்களுக்குத்தான் என் பாஷை விளங்குறதில்ல" என்று பதில் வந்திருக்கிறது.

17 ஆகஸ்ட்

ஏப்ரல் 2ஆம் திகதி எழுதியதை இன்று திரும்ப வாசித்தேன். சரியாகச் சொல்லவில்லை. சரியாக என்ன, நேர்மையாகச் சொல்லவில்லை.

அந்தச் சிங்களப் பிள்ளை ஊசியைக் கையில் எடுத்தவுடன் ஒரு தடவை நின்றாள். கிழவியின் முகத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்குச் சந்தேகம். தமிழில் ஒருமுறை கேட்டுத் தரச் சொல்லி என்னிடம் வரப்போனாள். அன்று வாட்டுப் பொறுப்பு நான். டொக்டர் ரவுண்டு பிந்திவிட்டது, துண்டு வெட்ட ஒன்பது பேர், ஈடியூவிலிருந்து (அவசர சிகிச்சைப் பிரிவு) இரண்டு பேர் வந்து கதவில் நிற்கிறார்கள். "இக்மன் கறன்ன நங்கி" என்று சத்தம் போட்டேன். சீக்கிரம் முடி தங்கச்சி. அவள் போட்டாள்.

பாஷை தெரியாத பிள்ளையின் பிழை என்று நாலரை மாதமாக இங்கே இருக்கிறது. பாஷை தெரிந்தவள் பத்து அடி தூரத்தில் நின்றாள். கேட்க எனக்கு இருபது வினாடி போதும்.

அந்தப் பிள்ளை அன்று பின்னேரம் அழுதுகொண்டு கொப்பி வாங்கி வந்தாள். சாப்பிட்டீங்களா, வயிறு ஊதுதா, கிறுகிறுப்பா இருக்கா, உளையுதா, கரிக்குதா, இப்படிச் சிங்கள எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டாள். கரிக்குது, எரியுது, குத்துது, அடைக்குது எல்லாம் வேறு வேறு என்று சொல்லிக்கொடுக்கவே ஒரு கிழமை ஆனது. நெஞ்சு கரிக்குது என்றால் அமிலம், நெஞ்சு அடைக்குது என்றால் ஈசிஜி எடு, ஓடு. நான் ஓய்வெடுக்கும்போது அவள் தமிழ் என் தமிழைவிடத் தோட்டத்துத் தமிழாக இருந்தது.

ஏப்ரல் குறிப்பை அழிக்கவில்லை, கிடக்கட்டும்.

18 ஆகஸ்ட்

ஆறுதல் சொன்னவர்களுக்கு: வேண்டாம். 43 பேர் இருந்ததால் நடந்தது என்றும் சொல்லலாம்தான். ஆனால் 28 பேர் இருந்த நாட்களிலும் நான் சத்தம் போட்டிருக்கிறேன். எது கூட்டத்தின் பிழை, எது என் பிழை என்று எனக்கே முழுதாகப் பிரிக்கத் தெரியவில்லை.

4 நவம்பர்

கணக்கெடுப்பின் விரிவான அறிக்கை வந்திருக்கிறது. நான் மார்ச்சில் கைவிரலைக் காட்டிச் சொன்னதற்கு இப்போது எண் கிடைத்தது. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் 2012இல் 7.9 வீதம், இப்போது 12.6 வீதம். எட்டில் ஒருவர். மலையகத் தமிழர் (முன்பு இந்தியத் தமிழர்) என்று பதிந்தவர்கள் 2.8 வீதம். 2012இல் 4 வீதத்துக்கு மேல். இதில் இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டவர்களும் இருப்பார்கள், அதை அப்படியே பிடித்துக்கொண்டு தாவாதீர்கள்.

வயது கூடினால் வருத்தம் கூடும், அது புதினமில்லை. கட்டிலில் கிடக்கிற நாளும் கூடும் என்பதுதான் வாட்டுக்காரருக்குச் சிக்கல். இளம் ஆள் மூன்று நாளில் எழும்பிப் போவான். இடுப்பு முறிந்த பாட்டி மூன்று கிழமை. ஒரே கட்டில்தான், ஏழு பேருக்குப் போதுமானது ஒருவருக்குப் போகிறது. இப்போது வேலையில் இருக்கிற ஒரு பிள்ளை சொன்னாள், அவள் ஆஸ்பத்திரியில் பிரசவ வாட்டில் கட்டில் சும்மா கிடக்குமாம், ஒரு கொரிடோர் தாண்டி மெடிக்கல் வாட்டில் பாய்க்கும் இடமில்லையாம். எங்கள் பழைய தோட்ட ஆஸ்பத்திரியின் பிரசவ அறையில் இன்று விறகு அடுக்கியிருக்கிறார்கள், போன மாதம் பார்த்தேன். நான் பிறந்த அறை அது.

இன்னொன்று. துணைக்கு நிற்க ஆள் இல்லை. முன்பு ஒரு கிழவர் வந்தால் பின்னால் மகன், மருமகள், பேரன் என்று ஒரு படை. விரட்டுவதே எங்களுக்கு வேலை. கடைசி வருடங்களில் மகன் கொழும்பில் கடையில், மகள் குவைத்தில், பக்கத்துக் காம்பராக்காரர் கொண்டுவந்து விட்டுவிட்டு டெலிபோன் நம்பர் எழுதிய துண்டைச் சட்டைப் பையில் செருகிவிட்டுப் போவார். துண்டு வெட்டிய பிறகும் ஆறு நாள் கட்டிலில் இருந்த தாத்தா ஒருவர் உண்டு. கூட்டிப்போக ஆள் வரவில்லை. தினமும் காலையில் சேவ் எடுத்து, தலை சீவி, பையைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

வீட்டுக்குப் போய்ப் பார்க்கிற தாதி என்று ஒரு வேலை இருந்தால் இதில் பாதிப் பேர் வாட்டுக்கே வரத் தேவையில்லை. பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில், 140 படிக்கு மேலே, யார் போவார்கள் என்று கேட்பீர்கள். மருத்துவமாது போகிறாரே. கர்ப்பிணியைத் தேடி அந்தப் படி ஏறத்தானே செய்கிறார். கிழவியைத் தேடியும் ஒருவர் ஏறலாம்.

11 நவம்பர்

கொட்டகலைத் தம்பி எட்டு மாதத்துக்குப் பிறகு வந்திருக்கிறார். அம்மா இருக்கிறார். வலது கை இன்னும் வரவில்லை, பேச்சு கொஞ்சம் வந்திருக்கிறது, திட்டுவதற்குப் போதுமான அளவு. ஒரு புண்கூட இல்லையாம். பக்கம் மாற்றியது, உடம்பு துடைத்தது எல்லாம் அவர் மகள். இரவில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை போனில் மணி வைத்து எழும்பியிருக்கிறாள். அவள் இந்த மாதம் உயர்தரம் எழுதுகிறாள், உயிரியல். தாதிப் பயிற்சிக்கு மனுப்போடலாமா என்று என்னிடம் கேட்கச் சொன்னாளாம்.

தம்பி, "வேண்டாம்" என்று இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் அழித்தேன். முதுகு போகும், கல்யாண வீடு போகும், தீபாவளி போகும் என்று ஒரு பட்டியலே எழுதினேன். அதையும் அழித்துவிட்டேன். எட்டு மாதம் மணி வைத்து எழும்பியவளுக்கு நான் என்ன சொல்வது?

மனுப்போடட்டும். சிங்களம் இப்போதிருந்தே படிக்கட்டும், பேச மட்டும் இல்லை, எழுதவும். துண்டு வாசிக்கத் தெரிய வேண்டும். சப்பாத்து வாங்கும்போது பின்னேரமாகப் போய் வாங்கச் சொல்லுங்கள், அரை சைஸ் பெரிதாக. காலையில் அளந்து வாங்கினால் இரவு டியூட்டி முடியும்போது கால் வீங்கிக் கழற்ற முடியாது.

11 நவம்பர், இரவு

வெள்ளைச் சப்பாத்துத்தான். நானே ஒன்று வாங்கி அனுப்புகிறேன், அளவை மட்டும் அனுப்புங்கள்.